மானும் மரமும் மதுவும்: 13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அரச கொடைகளும் ஆணைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜான் (1199–1216), மூன்றாம் ஹென்றி (1216–1272) ஆகிய இரு அரசர்களின் காலத்து ஆணைகள் தோல் சுருள்களில் ஆயிரக்கணக்கில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஒரு துறவிமடத்துக்கு ஐந்து மரம், ஒரு பிரபுவுக்கு நான்கு மான், கோபுரத்துக்கு வெள்ளையடிப்பு என்று வரிசையாகப் போகும் அந்தப் பதிவுகளை முதன்முதலில் படிக்கிறவர்கள் தடுமாறும் இடங்களையே இங்கே கேள்விகளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அரசர் "கொடுத்தோம்" என்று சொன்னால் பொருள் எப்படிக் கைக்கு வந்து சேர்ந்தது?

மூன்றாம் ஹென்றி ஒரு துறவிமடத்துக்கு ஐந்து கருவாலி மரங்களைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மரம் அரசரின் கையில் இல்லை. எங்கோ ஓர் அரச வனத்தில், ஒரு வன அதிகாரியின் பொறுப்பில் நிற்கிறது. அரசர் வாய்மொழியாகச் சொல்வதைச் சான்சரி என்ற ஆணைச் செயலகத்தின் எழுத்தர் கடிதமாக எழுதுவார். கடிதம் போவது அந்த வன அதிகாரிக்கு: இன்னாருக்கு, இன்ன வனத்தில், ஐந்து மரம், "டெ டோனோ நோஸ்த்ரோ", அதாவது நம்முடைய கொடையாக, கிடைக்கச் செய்க.

பெறுகிறவரே பெரும்பாலும் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வனத்துக்குப் போவார். அதிகாரி முத்திரையை உடைத்துப் படித்து, நம்பகமானவர்கள் பார்த்திருக்க மரத்தை அடையாளம் காட்டி ஒப்படைப்பார். கடிதத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்வார். சில ஆண்டுகள் கழித்து வன நீதிபதிகள் சுற்றுக்கு வந்து, "இங்கே ஐந்து அடிக்கட்டை நிற்கிறதே, யார் வெட்டியது?" என்று கேட்கும்போது அவரைக் காப்பாற்றுவது அந்தத் துண்டுத்தோல்தான். அது தொலைந்திருந்தால் அபராதம் அவர் தலையில் விழும்.

ஆகவே எந்தப் பதிவைப் படித்தாலும் பெறுகிறவரின் பெயருக்கு முன்னால் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். யாருடைய பொறுப்பிலிருந்து பொருள் போகிறதோ அவருடைய கணக்கில்தான் அந்தக் கொடையின் மறுபாதி இருக்கும்.

மூடிய கடிதம், திறந்த கடிதம், சாசனம் – என்ன வேறுபாடு?

மூடிய கடிதம் மடித்துக் கட்டி, முத்திரையிட்டு அனுப்பப்படும். முத்திரையை உடைக்காமல் படிக்க முடியாது. ஓர் அதிகாரி ஒரு முறை செய்து முடிக்க வேண்டிய வேலைக்கு உரியது இது. மானும் மரமும் மதுவும் இதில்தான் வரும். திறந்த கடிதத்தில் முத்திரை தொங்கிக்கொண்டிருக்கும், யாரிடமும் காட்டலாம். பதவி நியமனம், பாதுகாப்பு உறுதி போன்றவற்றுக்கு இது. சாசனம் நிலையான உரிமைக்கு: நிலம், சந்தை நடத்தும் உரிமை, நகர உரிமைகள். அதில் சாட்சிகளின் பெயர் வரிசையாக இருக்கும்.

மூன்றிலும் இடப்பட்டது பேரரச முத்திரை. ஒரு பக்கம் அரியணையில் அமர்ந்த அரசர், மறுபக்கம் குதிரைமேல் அரசர்.

ஹென்றி ஒன்பது வயதில் அரியணை ஏறியதால் அவருக்கென முத்திரை 1218 பிற்பகுதியில்தான் செய்யப்பட்டது. அதுவரை ஆட்சிப் பொறுப்பாளர் வில்லியம் மார்ஷலின் முத்திரையே ஓடியது. முத்திரை வந்த பிறகும், அரசர் வயதுக்கு வரும்வரை நிரந்தரக் கொடை எதுவும் கூடாது என்று தடை போட்டார்கள். 1227 ஜனவரியில்தான் அது நீங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஹென்றியின் நிலச்சாசனத்தைத் தேடி அலைகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் நேரம் மிஞ்சும்.

ஓர் ஆணையில் என்னென்ன உறுப்புகள் இருக்கும்?

புரிந்துகொள்வதற்காக ஒரு மாதிரி (இது எந்தச் சுருளிலிருந்தும் எடுத்ததல்ல): "அரசர், இன்ன கவுண்டியின் ஷெரிஃபுக்கு, வாழ்த்து. இன்ன ஊர் மாளிகையின் கூரையைப் பழுது பார்க்குமாறு ஆணையிடுகிறோம். நம்பகமானவர்களின் பார்வையிலும் சாட்சியத்திலும் நீ செலவிடும் தொகை எக்ஸ்செக்கரில் உனக்குக் கணக்கில் கழிக்கப்படும். நானே சாட்சி. இன்ன இடத்தில், இன்ன நாள்."

ஷெரிஃப் என்பவர் ஒரு கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், அரசரின் வருவாயைத் திரட்டிக் கணக்குக் காட்டும் அதிகாரி. எக்ஸ்செக்கர் அந்தக் கணக்கைப் பார்க்கும் மன்றம். இந்த ஆணையில் ஒவ்வொரு துண்டுக்கும் வேலை உண்டு. "நம்பகமானவர்களின் பார்வையில்" என்பது அலங்காரம் அல்ல. உள்ளூர் ஆட்கள் இருவர் மூவர் செலவை நேரில் பார்த்து, பின்னர் அதற்கு உறுதி சொல்ல வேண்டும். "கணக்கில் கழிக்கப்படும்" என்ற வரி விடுபட்டிருந்தால் ஷெரிஃப் தன் கைக்காசு திரும்ப வருமா என்ற கவலையோடுதான் வேலையைத் தொடங்குவார். "தெஸ்தே மே இப்ஸோ", அதாவது "நானே சாட்சி", என்பது அரசர் பெயரில் ஆணை போனதைக் காட்டும்.

சுருளில் இருப்பது முழுக் கடிதம் அல்ல, சுருக்கம். அனுப்பிய மூலம் போய்விட்டது. செயலகம் தன் நினைவுக்காக வைத்துக்கொண்ட நகல்தான் நம்மிடம் இருக்கிறது. வாழ்த்து போன்ற மாறாத பகுதிகளை எழுத்தர் வெட்டிவிடுவார்.

லிபராத்தே, கொம்புதாத்தே, கோந்த்ராப்ரேவே – இந்த மூன்றும் குழப்புகின்றனவே?

பணம் எப்போது, யார் கையிலிருந்து போகிறது என்று கேட்டால் குழப்பம் தீரும்.

லிபராத்தே கருவூலருக்குப் போகும்: பெட்டியைத் திறந்து இன்னாருக்கு இவ்வளவு கொடு. கோந்த்ராப்ரேவே ஷெரிஃபைப் போன்ற உள்ளூர் அதிகாரிக்குப் போகும்: இதைச் செய், செலவு பிறகு கழிக்கப்படும். கொம்புதாத்தே எக்ஸ்செக்கர் என்ற கணக்கு மன்றத்துக்குப் போகும்: இன்னார் ஏற்கெனவே செலவழித்துவிட்டார், அதை அவர் கணக்கில் கழித்துக்கொள்.

ஒரே வேலைக்கு முதலில் கோந்த்ராப்ரேவேயும் பிறகு கொம்புதாத்தேயும் வருவது சாதாரணம். அதை இரண்டு தனிச் செலவுகளாகக் கூட்டிவிடுவது புதியவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை. இடமும் தொகையும் ஒத்துப்போனால் முதலில் சந்தேகப்படுங்கள்.

வெள்ளைக் கரடிக்கு நாளொன்றுக்கு நான்கு பென்னி என்பது உண்மையா?

உண்மைதான். 1252-இல் லண்டன் கோபுரம் என்ற அரசக் கோட்டையில் இருந்த வெள்ளைக் கரடிக்கும் அதன் காவலருக்குமாக நாளுக்கு நான்கு பென்னி தருமாறு லண்டன் ஷெரிஃப்கள் இருவருக்கும் ஹென்றி ஆணையிட்டார். அடுத்து வந்த ஆணையில் வாய்ப்பூட்டும் இரும்புச் சங்கிலியும் கேட்டார். தேம்ஸ் ஆற்றில் அது மீன் பிடிக்கும்போது பிடித்துக்கொள்ள நீளமான, உறுதியான கயிறும் வேண்டும் என்றார். அந்தக் கயிற்றைக் கேட்ட வரியில் கரடி ஆற்றில் இறங்குவதே கண்ணுக்குத் தெரிகிறது. இப்படிப்பட்ட வரிகளுக்காகவே இந்தச் சுருள்களைப் பொறுமையாகப் படிக்கலாம்.

கணக்கைப் பார்ப்போம். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. நாளுக்கு 4 வீதம் ஆண்டுக்கு 1,460 பென்னி, அதாவது 6 பவுண்டு 1 ஷில்லிங் 8 பென்னி. ஒரு ஷெரிஃப் ஆண்டுக்கு 100 பவுண்டு கட்ட வேண்டியவர் என்று எடுத்துக்கொண்டால், இப்படி ஒரு செலவு கழிக்கப்பட்டபின் அவர் கொண்டுவர வேண்டியது 93 பவுண்டு 18 ஷில்லிங் 4 பென்னி. அரசரின் பெட்டியிலிருந்து ஒரு காசும் வெளியே போகவில்லை; வர வேண்டிய பணம் வராமலே செலவாகிவிட்டது. கருவூலத்தின் வரவை மட்டும் வைத்து அரசரின் செல்வத்தைக் கணக்கிட்டால் தவறு வருவது இதனால்தான்.

"மார்க்" என்று வந்தால் அது நாணயம் அல்ல, கணக்கு அலகு: 13 ஷில்லிங் 4 பென்னி, அதாவது 160 பென்னி.

எக்ஸ்செக்கரில் கணக்கு எப்படி நடந்தது?

ஈஸ்டர், செப்டம்பர் 29-இல் வரும் மைக்கேல்மாஸ் என ஆண்டுக்கு இரண்டு தவணை. கருவூலர் ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் 1170-களில் எழுதிவைத்த விளக்கப்படி, மேசை பத்தடி நீளம், ஐந்தடி அகலம், சுற்றிலும் நான்கு விரல் உயர விளிம்பு. மேலே கட்டம் போட்ட துணி. பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது, நூறு என்று ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மதிப்பு. ஷெரிஃப் தர வேண்டிய தொகைக்கு ஒரு வரிசை காய்கள், தந்ததற்கும் கழிக்க வேண்டியதற்கும் கீழே இன்னொரு வரிசை. படிக்கத் தெரியாதவரும் கண்ணால் பார்த்தே மீதியைப் புரிந்துகொள்ளலாம்.

தந்த பணத்துக்கு ரசீது ஒரு குச்சி. அதில் வெட்டும் தடத்தின் அகலமே தொகை: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைக் கனம், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணி. பென்னிக்கு மரத்தைச் செதுக்காமல் வெறும் கீறல். பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து, நீளமான பாதி பணம் கட்டியவருக்கு, மற்றது எக்ஸ்செக்கருக்கு. இரண்டையும் பொருத்தினால் தடங்கள் சேர வேண்டும். ஒருவர் மட்டும் திருத்த வழியில்லை. தேங்கிக்கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று அடுப்பில் போட்டு எரித்தபோதுதான் நாடாளுமன்றக் கட்டடமே தீப்பற்றியது.

யானைக்கு வீடு கட்டச் சொன்ன ஆணை?

பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி 1255-இல் ஹென்றிக்கு ஒரு யானையை அனுப்பினார். அதைக் கொண்டுவர வழி பார்க்குமாறும், முடிந்தால் லண்டன்வரை நீர்வழியே கொண்டுவருமாறும் கென்ட் ஷெரிஃபுக்கு ஆணை போனது. கோபுரத்தில் 40 அடி நீளம், 20 அடி அகலத்தில் வீடு கட்ட வேண்டியது லண்டன் ஷெரிஃப்களின் பொறுப்பு. பின்னாளில் வேறு வேலைகளுக்கும் ஆகும்படி அது உறுதியாக இருக்க வேண்டும் என்றும் ஆணையில் சேர்த்திருந்தார்கள். யானை 1257-இல் இறந்துபோனது.

பரிசு பெறுவதற்கும் செலவு உண்டு. அதையும் ஏதோ ஒரு ஷெரிஃபின் கணக்கில்தான் ஏற்றினார்கள்.

மரம் என்றால் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. "குவெர்குஸ்" என்றால் கட்டடத்துக்கு ஆகும் நல்ல கருவாலி மரம். "ரோபுர்" என்பது பெரும்பாலும் பட்டுப்போன அல்லது கிளை கழிக்கப்பட்ட மரம், விறகுக்குப் போவது. இரண்டையும் "ஓக்" என்றே மொழிபெயர்த்துவிட்டு, மடத்துக்குப் பெரிய கூரை போட்டார்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அடுப்பெரிக்கக் கேட்டதாக இருக்கலாம். கிளைகளும் சேர்த்தா என்று ஆணையில் சொல்லியிருக்கிறதா எனவும் பாருங்கள். சொல்லாவிட்டால் கிளைகளுக்கு உள்ளூர் அதிகாரிகள் உரிமை கோருவார்கள்.

வெட்டி ஏற்றிக்கொண்டு போவது வழக்கமாகப் பெறுகிறவர் பாடு. வனம் தொலைவில் இருந்தால் வண்டிச்செலவு மரத்தின் மதிப்பையே தின்றுவிடும். இதனால் அருகிலுள்ள வனத்தில் கிடைப்பதே உண்மையான கொடையாக இருந்தது.

மானிலும் இப்படித்தான். ஃபேலோ என்ற புள்ளியுடைய மானில் ஆண், பெண், செம்மானில் ஆண், பெண் என ஒவ்வொன்றுக்கும் லத்தீனில் தனிச்சொல் உண்டு. ஒரே வரியில் "தாமுஸ்" என்றும் "தாமா" என்றும் வந்தால் அது எழுத்துப்பிழை அல்ல, ஆணும் பெண்ணும். ஆண்மான் கொழுத்திருப்பது கோடையில். பெண்மானை வேட்டையாடுவது குளிர்காலத்தில். பருவம் தவறிய ஆணை கிடைத்தால் அது உயிருள்ள மானா என்று பாருங்கள். தனியார் வேட்டைப்பூங்காவில் விட்டு வளர்க்க உயிரோடு மான் கொடுப்பதும் வழக்கம். அரசருக்கே இறைச்சி வேண்டுமென்றால் வேட்டைக்காரர்கள் நாய்களோடு போவார்கள். உப்பும் பீப்பாயும் வண்டியும் ஷெரிஃப் தர வேண்டும்.

மதுக் கொடை எங்கிருந்து எடுக்கப்பட்டது?

பெரும்பகுதி தென்மேற்குப் பிரான்சிலுள்ள கேஸ்கனியிலிருந்து கப்பலில் வந்தது. 20 டன் பீப்பாயோ அதற்கு மேலோ ஏற்றிவந்த கப்பலில் இரண்டும், 10 முதல் 19 வரை இருந்தால் ஒன்றும் அரசர் எடுத்துக்கொள்வார். இரண்டு என்றால் பாய்மரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பீப்பாய்க்கு 20 ஷில்லிங் என்ற பழைய விலைதான் வணிகருக்குக் கிடைக்கும். இங்கே டன் என்பது எடை அல்ல. 252 காலன் கொள்ளும் பெரிய பீப்பாய், ஏறத்தாழ 950 லிட்டர்.

அன்றைய மது ஓராண்டுக்குள் புளித்துவிடும். இலையுதிர் காலத்தில் புது மது வந்ததும் பழையதன் மதிப்பு சரியும். எனவே ஒரு பீப்பாய்க் கொடையை எடைபோட மாதத்தைப் பாருங்கள்.

கொடை இலவசம்தானே?

மூடிய கடிதத்தில் வரும் மானும் மரமும் பெரும்பாலும் இலவசம். சாசனம் அப்படி அல்ல. ஜான் 1199-இல் கட்டணங்களைக் குறைத்து வெளியிட்ட விதியின்படியே, புதிய நிலக்கொடைச் சாசனத்துக்குச் சான்சரியின் தலைவரான சான்சலருக்கு 10 வெள்ளி மார்க், மெழுகுக்கு 5 ஷில்லிங். பழைய சாசனத்தை உறுதிசெய்ய ஒரு மார்க், மெழுகுக்கு 12 பென்னி. கீழ்நிலை அதிகாரிகளுக்குத் தனி. இதுவே குறைக்கப்பட்ட கட்டணம்!

அரசரின் தயவுக்காகத் தருவதாக ஒப்புக்கொண்ட தொகைகள் ஃபைன் சுருள்களில் இருக்கும். "ஃபைன்" என்றதும் அபராதம் என்று நினைக்க வேண்டாம். அங்கே அது பேசி முடித்த உடன்படிக்கை.

பணக்கொடைகள் ஏன் இழுத்தடிக்கப்பட்டன?

ஆண்டுத்தொகை பெறுகிறவருக்குப் பாதி ஈஸ்டரில், பாதி மைக்கேல்மாஸில். நிலமோ, வயதுவராத வாரிசின் பாதுகாவல் உரிமையோ காலியானதும் அதைத் தந்து தொகையை நிறுத்துவோம் என்று பல கடிதங்கள் சொல்லும். ஆனால் காலியாகும் நிலம் குறைவு, வரிசையில் நிற்கிறவர்கள் அதிகம். பெட்டியில் பணம் இல்லாதபோது லிபராத்தே வெறும் தோல்தான். 1250-களில் தம் தாயின் மறுமணத்தில் பிறந்த சகோதரர்களான லூசினியர்களுக்கு மற்றவர்களுக்கு முன் கொடுக்கும்படி ஹென்றி ஆணையிட்டது, காத்திருந்த பிரபுக்களை மிகவும் புண்படுத்தியது.

இதன் விளைவை 1258-இல் பிரபுக்கள் கொண்டுவந்த ஆக்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தில் காணலாம். வழக்கமான ஆணைகளைத் தவிர எதையும் அரசரின் விருப்பத்துக்காக மட்டும் முத்திரையிடமாட்டேன், பெரிய பாதுகாவல் உரிமை, பெருந்தொகை, அரசிடம் திரும்பிய நிலம் ஆகியவற்றின் கொடைகளை ஆலோசனை மன்றத்தின் ஒப்புதலின்றி முத்திரையிடமாட்டேன் என்று சான்சலர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அரசரின் கையைக் கட்ட நினைத்தவர்கள் மெழுகு இருந்த இடத்தைப் பிடித்தார்கள். கொடையின் பாதையை நன்கு அறிந்தவர்கள் செய்த வேலை அது.

தேதியை எப்படி மாற்றுவது?

ஆட்சியாண்டில் எழுதியிருப்பார்கள். ஹென்றிக்கு ஆண்டு தொடங்குவது முடிசூடிய அக்டோபர் 28. ஆண்டு எண்ணோடு 1215-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆண்டு: 36-ஆம் ஆண்டு 1251 அக்டோபர் 28 முதல் 1252 அக்டோபர் 27 வரை. 36-ஆம் ஆண்டின் டிசம்பர் 1251-லும் ஜூன் 1252-லும் விழும். இங்கேதான் பலர் ஓராண்டு பிசகுகிறார்கள்.

ஜான் இன்னும் தொல்லை. அவர் முடிசூடியது இயேசு விண்ணேற்றத் திருநாளில். அந்தத் திருநாள் ஆண்டுதோறும் நகரும், ஆட்சியாண்டும் கூடவே நகரும். அவருடைய மூன்றாம் ஆண்டு 1201 மே 3-இல் தொடங்கி 1202 மே 22-இல் முடிகிறது. மே 3 முதல் 22 வரையுள்ள நாள்கள் அந்த ஒரே ஆண்டில் இரண்டு முறை வருகின்றன! பதிவு சுருளின் தொடக்கத்தில் இருக்கிறதா, இறுதியில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

"எட்டாம் நாள்" என்று வந்தால் திருநாளையும் சேர்த்து எண்ணுங்கள். மைக்கேல்மாஸின் எட்டாம் நாள் அக்டோபர் 6.

"வெஸ்ட்மின்ஸ்டரில்" என்று இருந்தால் அரசர் அன்று அங்கே இருந்தாரா?

ஜான், ஹென்றி காலத்தில் பெரும்பாலும் ஆம். 14-ஆம் நூற்றாண்டில் செயலகம் வெஸ்ட்மின்ஸ்டரிலேயே தங்கிவிட்டது. அரசர் வேறெங்கோ இருப்பார். அங்கே பதிவின் கீழுள்ள சிறு குறிப்பைப் பாருங்கள்: அரசரே சொன்னதா, சிறு முத்திரைக் கடிதம் வழியாக வந்ததா என்று அது சொல்லும்.

பதிவில் கோடு அடித்து "வாகாத்" என்று எழுதியிருக்கிறதே?

ரத்து என்று பொருள். ஆனால் கொடையே ரத்தானது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். பக்கத்திலேயே காரணம் இருக்கும். "வேறிடத்தில் இருப்பதால்" என்றால் பதிவு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சுருளில் இல்லையென்றால் கொடுக்கவில்லை என்று பொருளா?

இல்லை. வழக்குத் தொடுக்கும் வழக்கமான ஆணைகளைச் சுருளில் ஏற்றவே இல்லை. அரசர் தம் கையால் கொடுத்த மோதிரமும் கோப்பையும் வார்ட்ரோப் என்ற அரண்மனைப் பொருளறையின் கணக்கில் இருக்கும். மறுபுறம், சுருளில் இருப்பதாலேயே பொருள் போய்ச் சேர்ந்தது என்றும் சொல்ல முடியாது. "முன்பே ஆணையிட்டபடி", "பலமுறை ஆணையிட்டபடி" என்று மீண்டும் மீண்டும் வரும் கடிதங்கள், முதல் ஆணை அசையாமல் கிடந்ததற்குச் சாட்சி.

இவற்றில் அரசரின் சொந்தக் குரல் கேட்குமா?

சில இடங்களில் தெளிவாகவே கேட்கும். 1240-இல் லண்டன் கோபுரத்துக்கு வெள்ளையடிக்கச் சொன்ன ஹென்றி, கூரையின் ஈயக் குழாய்களைத் தரைவரை நீட்டச் சொல்கிறார். மழைநீர் சொட்டிப் புதுச் சுண்ணாம்பு கெட்டுவிடக் கூடாதாம். இன்னோர் ஆணையில் க்ளாஸ்டர் ஷெரிஃபிடம் லாம்ப்ரி என்ற விலாங்கு போன்ற மீனைக் கேட்கிறார். அதைத் தின்றபின் தமக்கும் அரசிக்கும் வேறெந்த மீனும் ருசிக்கவில்லை என்று காரணமும் சொல்கிறார். எழுத்தர் இவற்றைத் தாமாகச் சேர்த்திருக்க மாட்டார்.

இன்று எங்கே பார்க்கலாம்?

லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். மூடிய கடிதச் சுருள்கள் சி 54, திறந்தவை சி 66, சாசனங்கள் சி 53, ஃபைன் சுருள்கள் சி 60, லிபராத்தே சி 62, எக்ஸ்செக்கரின் ஆண்டுக் கணக்கான பைப் சுருள்கள் இ 372. மூடிய கடிதங்களின் வரிசை 1204-இல் தொடங்குகிறது. ஜானின் முதல் சில ஆண்டுகளுக்குப் பிறகு 1226 வரை லிபராத்தே ஆணைகளும் அதற்குள்ளேயே கிடப்பதால், அந்தக் காலத்துப் பணச்செலவைத் தேடுகிறவர்கள் சி 62-ஐத் திறந்து ஏமாற வேண்டாம்.

சான்சரிச் சுருள்களில் தோல்கள் ஒன்றன் அடியில் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கும். பைப் சுருள்களில் எல்லாத் தோல்களும் தலைப்பில் சேர்த்துக் கட்டியிருக்கும். சான்சரிச் சுருளைப் படிக்கும்போது பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். அழைப்பாணைகளும் தனியார் ஒப்பந்தங்களும் அங்கேதான் எழுதப்பட்டன. பதிப்புகளில் அந்தப் பகுதி தனியாக, சுருளின் கடைசியில் அச்சாகியிருக்கும்.